மேடைக்குப் பின்னால் தொங்கிய ஃபிளெக்ஸ்

திண்டிவனத்தில் ஏறிய விழுப்புரம் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு பாஸ்டரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். "ஃபிளெக்ஸுல அந்தப் பொண்ணு மூஞ்சியில பெயிண்ட் அடிக்கச் சொல்றான் உம்புள்ள" என்று அவர் எரிந்து விழுந்ததும் நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"அவன் ஜெர்மனியில அகதிங்களுக்கு ஊழியம் பண்ணிக்கினு இருக்கான். அதே ஊருல இருக்கிற அந்த சிரியாக்காரப் பொண்ணு ஞானஸ்நானம் எடுத்த போட்டோவ நம்மள ஜெபிக்கத்தானே அனுப்பினான்? உங்கள யாருங்க அத ஃபிளெக்ஸ் அடிச்சு மேடையில மாட்டச் சொன்னது?"

"எம்புள்ள ஊழியத்த நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? சிரியாவுலருந்து அவ வூட்டாளுங்க கெளம்பி வந்து நம்ம சபை மேடையப் பாக்கப் போறாங்களா?"

"அவ மதம் மாறினது அவங்க வூட்டுக்கே தெரியாதாம். தெரிஞ்சா அண்ணங்காரன் சும்மா வுட மாட்டானாம்."

"போனதும் கழட்டிட்டா ஆச்சு. சும்மா பேஜாரு பண்ணாத."

"ஞாயித்துக்கெழம ஆராதனைய லைவ் போட்டீங்களே, உங்க பின்னாடி என்னா தொங்கிக்கினு இருந்துச்சு?"

பாஸ்டர் போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"ஜல்தியா அழிச்சிடுங்க."

"இரு." குரல் இறங்கியிருந்தது. "இந்த லைவுக்குக் கீழ ஒருத்தன் அரபியில என்னமோ எழுதியிருக்கான்."

"எப்ப?"

"அன்னிக்கே. நம்ம சாட்சியப் பாத்து வாழ்த்து சொல்றான்னு நெனச்சேன்."

"நெனச்சு, என்னா பண்ணீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஸ்தோத்திரம் சொல்லி, எம்புள்ள இருக்கிற ஊரு பேர இங்கிலீஷ்ல போட்டேன்."