இரண்டு இணைப்பு, ஒரே பள்ளம்

நம் நிறுவனம் தனித்தனி என்று விற்கும் இரண்டு இணைப்புகளும் ஒரே பள்ளத்தில்தான் கிடக்கின்றன.

வளர்ச்சியையே மூச்சாக விடும் தலைவர் அவர்களே, மூச்சே விடாமல் கைதட்டும் மேலாளர்களே, நம்மிடம் இணையத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்கும் தொலைபேசி நிறுவனப் பெருமக்களே, விடுப்பு கிடைக்காததால் விழாவுக்கு வந்திருக்கும் தோழர்களே, எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம். நன்றியுரைக்கு என்னை அழைத்தார்கள். சொல்லத்தான் வந்தேன்.

இணையத்தின் முதுகெலும்பு நாம்! வங்கி நம்மேல் நிற்கிறது. விமான நிலையம் நம்மேல் நிற்கிறது. என் அக்கா வேலை பார்க்கும் ஆம்புலன்ஸ் அழைப்பு அறையும் நம்மேல்தான் நிற்கிறது. ஒன்று அறுந்தால் மற்றொன்று காக்கும் என்று அந்த அறைக்காரர்கள் இரண்டு தொலைபேசி நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினார்கள். அந்த இரண்டும் யாரிடம் வாங்கின? நம்மிடம்!

சென்ற வாரம், இதே வளர்ச்சி விழாவுக்கு வரவேற்பு வளைவு நட வாசலில் தோண்டினோம். இரண்டு கேபிளும் ஒரே வெட்டில் போயின. தன் வளர்ச்சியை வரவேற்கத் தன் முதுகெலும்பையே வெட்டிய பெருமை வேறு யாருக்கு வாய்க்கும்? தட்டுங்கள் கையை!

அக்காவின் திரை இருண்டது. வரும் அழைப்புகள் நின்றன. கைபேசியில் முதல் நிறுவனத்தைக் கேட்டாள். "எங்க பக்கம் நல்லாத்தாம்மா இருக்கு, மேல கேக்கணும்." அடுத்ததைக் கேட்டாள். "மேல கேக்கணும் மேடம்." மேலே யார்? நாம்! நாம் என்ன சொன்னோம்? "நீங்க எங்க நேரடி கஸ்டமர் இல்லையே மேடம்."

அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த ஒரு தையல்காரரை, எதிர்வீட்டுக்காரர் காய்கறி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆள் பிழைத்துக்கொண்டார். அக்காவின் வேலைதான் பிழைக்குமா தெரியவில்லை.

"ரெண்டு லைனும் எப்படிம்மா ஒண்ணா போகும்? நீதான் சீட்ட விட்டு எழுந்து போயிருக்கே" என்கிறது அக்காமேல் ஆம்புலன்ஸ்காரர்கள் வைத்த விசாரணை. அவர்கள் நம்மைக் கேட்டார்கள். "தனித்தனிப் பாதை" என்று சத்தியம் செய்தோம். மாலைக்குள் ஒட்டினோம், மூடினோம், மேலே வளைவையும் நட்டோம். இப்போது தோண்டிப் பார்க்கலாமா என்றால், வளைவு சாய்ந்துவிடுமாம்!

என்ன அண்ணே? "நன்றி சொல்லிட்டு எறங்கும்மா"வா? சொல்கிறேன். கடப்பாரை பிடித்தவருக்கு நன்றி. இந்த நிறுவனத்தில் உண்மையை வெளியே எடுத்தவர் அவர் ஒருவர்தான். சாப்பாட்டுக்கு நன்றி. கொடுத்த மாலைக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

தலைவர் அவர்களே, நாளை தீர்ப்பு. விசாரணை அதிகாரி முன்வரிசையில்தான் இருக்கிறார்; நீங்களே பொன்னாடை போர்த்தினீர்கள். என் அக்கா பொய் சொல்லவில்லை, நாம்தான் சொன்னோம் என்று அவரிடம் சொல்லுங்கள். இதோ மைக். நீட்டிக்கொண்டே நிற்கிறேன்.

வாங்குங்க சார்.

சார்?