பாதி மொட்டை

— தலையத் தூக்கு. ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் காடு... நம்ம கங்காதர பாவாதானான்னு ஒரு சுத்து சுத்தி வந்து பாத்தேன்.

— வரலட்சுமி... நீ எங்க இங்க?

— மலைமேல சாமியப் பாத்துட்டு எறங்கி வந்துகினு இருக்கேன். எல்லப்பன் எங்க? பாதியில கத்தியோட ஓடிட்டானா?

— கிருத்திகைக் கூட்டம். "தோ வந்துட்டேன் சாமி"ன்னுட்டுப் போனான். அதோ பாரு, குளத்தாண்ட பள்ளிப்பட்டுக்காரங்க. ஒவ்வொருத்தர் தலையிலயும் ஒரு கோடு இழுத்து விட்டுகினு இருக்கான்.

— கோடு விழுந்த தலைய எவன் வேற கத்திகிட்ட தூக்கினு போவான்? எல்லப்பன் கெட்டிக்காரன். சரி... அப்ப உனக்கு வேலை கெடச்சிடுச்சு.

— அது... யாரு சொன்னா?

— உன் தலைதான் சொல்லுது. உனக்கு வேலை வந்தா முடி எறக்கறேன்னு அத்தை வேண்டிகினது ஊருக்கே தெரியும். நீ பி.ஏ. பாஸ் பண்ணி வந்ததுல இருந்து தெருவுல எவன் உன் மூஞ்சியப் பாக்கறான்? எல்லாம் முடியத்தான் பாக்கறாங்க. எந்த ஆபீசு?

— மெட்ராஸ்ல... மிலிட்டரி கணக்கு ஆபீசு.

— அங்க இருந்துதானே உன் சிநேகிதர் சுந்தர்சிங்க அனுப்பிட்டாங்க? சண்டை முடிஞ்சிடுச்சு, கணக்கு எழுத ஆளு வேணாம்னு?

— அது வேற ரூமு.

— ஓ... உன் ரூமுல மட்டும் சண்டை நடந்துகினு இருக்குதா?

— நீ கேக்கறதப் பாத்தா இன்டர்வியூல உக்காந்த மாதிரி இருக்குது.

— அங்க இன்னா கேப்பாங்க?

— ஒரே கேள்விதான். பட்டாளத்துல இருந்தியான்னு. இல்ல சார்னா, அடுத்த ஆளக் கூப்புடுவாங்க. நாலு வருஷம் முட்டி மோதி சரித்திரம் படிச்சேன்... அதப் பத்தி எவனும் ஒரு வார்த்தை கேக்கல. நீயும்தான் வாத்தியார் டிரெயினிங் முடிச்சிட்டு வீட்ல கெடக்கறே, உனக்குத் தெரியாதா?

— என் கதை இருக்கட்டும். இந்தக் கணக்கு ஆபீசுலயும் அதத்தான் கேட்டாங்களா?

— எல்லப்பன் வர்றானா பாரு.

— பாவா.

— ஆங். அதத்தான் கேட்டாங்க.

— அப்ப வேலை இல்ல.

— மெல்லப் பேசு. எல்லப்பன் காதுல விழுந்தா சாயங்காலத்துக்குள்ள அம்மையார்குப்பம் வரைக்கும் போயிடும்.

— வேலையே வராம வேண்டுதல் முடிய எறக்கறியே... சாமிக்கே டிமிக்கி குடுக்கறியா?

— சாமிகிட்ட விஷயத்தச் சொல்லிட்டுத்தான் உக்காந்தேன். உங்க நைனாவுக்குத்தான் தெரியக் கூடாது.

— நைனாவுக்கு இதுல இன்னா வந்தது?

— நாளைக்கு மாமா அரக்கோணம் போறாராமே. அந்த ரயில்வே கார்டு பரந்தாமன் வீட்ல தாம்பூலம் மாத்தத்தான் போறாருன்னு அம்மா கண்ணக் கசக்கிகினு இருக்காங்க. வேலை வர்றதுக்கு முன்ன பொண்ணு பேச்சு எடுக்காதேன்னுட்டாரு இல்ல அவரு? இந்த மொட்டையோட உங்க வாசல்ல போய் நின்னா... ஒண்ணும் கேக்கமாட்டாரு. பயணத்த நிறுத்திடுவாரு. அப்பால எதாவது ஒரு வேலையப் புடிச்சிடுவேன்.

— முடி வளர்றதுக்குள்ளயா?

— வளர்றதுக்குள்ள.

— பொய் சொல்றவங்க வாயாலதான் சொல்லுவாங்க. நீ தண்ணி தெளிச்சு, சோப்பு போட்டுச் சொல்றே.

— சிரிக்காத வரலட்சுமி. உனக்கு அந்தக் கார்டுதான் இஷ்டம்னா சொல்லிடு, இப்பவே எழுந்து போயிடறேன்.

— இந்தத் தலையோடவா?

— ...இந்தத் தலையோடதான்.

— உக்காரு. ஆமா, மெட்ராஸ் ரூமுல உனக்கு யாரு சமைச்சது?

— இப்ப அதா முக்கியம்? சுந்தர்சிங் சோறு வடிப்பான், நான் ரசம் வெப்பேன்.

— நல்லா இருக்குமா?

— குடிச்சவங்க எல்லாம் உசுரோடதான் இருக்காங்க. நீ மொதல்ல இதச் சொல்லு... பின்னல் நுனி வரைக்கும் எதுக்கு இவ்ளோ பூ? கழுத்து வலிக்கல?

— நுனிய மறைக்கத்தான். பூவத் தள்றேன், பாரு.

— கத்தரி போட்டிருக்குது... பூமுடி குடுத்தியா? எதுக்கு?

— அத்தை உனக்கு வேண்டிகினாங்க. எனக்கு நானே வேண்டிகினேன். அரக்கோணத்துல மிஷன் பள்ளிக்கூடத்துல வேலை போட்டுட்டாங்க பாவா. ஒண்ணாங் கிளாஸ் டீச்சரு.

— வேலையா... உனக்கா? அந்தக் கார்டு வீட்ல ஒத்துக்கணுமே.

— அவங்க போன மாசமே வந்துட்டுப் போயாச்சு. பொண்ணு வேலைக்குப் போவும்னு நைனா சொன்னதும், ரயிலுக்கு நேரமாயிடுச்சுன்னு காப்பியப் பாதியில வெச்சிட்டு எழுந்துட்டாங்க.

— அப்ப... மாமா நாளைக்கு அரக்கோணம் போறது?

— வீடு பாக்க. ரெண்டு பேரு இருக்கற மாதிரி. வேலை இல்லாதவனுக்கு எப்படிம்மா குடுக்கறதுன்னாரு... எனக்குத்தான் வேலை இருக்குதே நைனா, ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதான்னேன். இன்னிக்கி நான் மலைக்குக் கெளம்பறப்ப கூப்புட்டு, "வரும்போது அப்படியே அவன் வீட்டுக்கும் போய், ரசமாவது வெக்கத் தெரியுமான்னு கேட்டுகினு வா"ன்னாரு.