ஏழு நாள் அவகாசம்

தண்ணீர் போதும் சார். காப்பி என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மருத்துவமனைக்குப் பத்தொன்பது வருடமாக ஆள் எடுக்கிறேன். வேலைக்கு வருகிற எல்லோருடைய பின்னணியையும் ஒரே மாதிரி விசாரிக்க வேண்டும். ஒருவர் மேல் ஏதாவது புகார் வந்தால் அதை அவரிடமே காட்டி, விளக்கம் சொல்ல ஏழு நாள் கொடுக்க வேண்டும். இந்த விதியை எழுதியவனே நான்தான். ஆனால் முகத்தைப் பார்த்தாலே எனக்கு ஆளைத் தெரிந்துவிடும். நல்ல இடத்துப் பிள்ளைகளை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்களை மட்டும் விசாரணைக்கு அனுப்பினேன்.

நீங்கள் விசாரிக்கிற அந்த மனிதர் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை கேட்டு வந்தார். அந்தப் பக்கத்துக்காரர். மகளுக்கு ஆறு வயது, இதயத்தில் ஓட்டை. எங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை இலவசம். அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று ஒளிக்காமல் சொன்னார்.

விசாரணை அறிக்கையில் அவர் பெயரில் ஒரு திருட்டு வழக்கு இருந்தது. நான் அவரிடம் காட்டவில்லை. திருட்டு என்று காதில் விழுந்தால் மனுஷன் கூசிப்போவாரே என்றுதான். அறிக்கையை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

வாராவாரம் வந்தார்.

"என்கிட்ட ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க சார், சரி பண்ணிக்கிறேன்."

"மேலேருந்து உத்தரவு வரல தம்பி. கொஞ்சம் பொறுங்க."

உத்தரவு போட வேண்டியவன் நான்தான்.

நான்காம் மாதம் அவர் வரவில்லை. குழந்தை போய்விட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. புதுப் பள்ளிச் சீருடை ஒன்று விலைச் சீட்டோடு ஆணியில் தொங்கியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்காக எவ்வளவோ முயற்சி பண்ணீங்க சார். அவளுக்குத்தான் குடுத்து வைக்கல."

அழுதுவிட்டேன். அந்த அழுகை பொய்யில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த வழக்கு நடந்து பதினெட்டு வருடம் ஆகிறது. திருடியவனுக்கு அப்போதே நாற்பது வயது. இவருக்கு இப்போதுதான் இருபத்தொன்பது. பெயர் மட்டும் ஒன்று. இதை எப்போது கவனித்தேன் என்று கேட்கிறீர்கள். அறிக்கை வந்த அன்றே கவனித்தேன். காட்டியிருந்தால் அவர் ஒரே நிமிடத்தில் நிரூபித்திருப்பார், வேலை கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

ஆனால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்தப் பக்கத்திலிருந்து வேறு யார் வந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். ஆளுக்கொரு மாதிரி நடத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது.