ரேடியோவில் வாசித்தவர்

— உக்கார மாட்டேன் செபஸ்தியாண்ணே. நீங்க ஊர்த் தலைவரு. எம் புருசன் வாசிச்ச வாசிப்புக்கு அந்த வியாகுலம் பய பேர எப்படிச் சொன்னீக? அத மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்.

— இந்தா பாரு மிக்கேலு, மெதுவாப் பேசு. ஒன் மதினி உள்ள படுத்திருக்கா.

— மதினியும் கேக்கட்டும். அவுகளுந்தான அன்னைக்குக் கரையில கருவாடு காயப்போட்டுக்கிட்டு நின்னாக. ரேடியோக்காரவுக, வலை இழுக்குறப்பப் பாடுற அம்பாப் பாட்ட டேப்புல பிடிக்கணும்னு வந்தாக. ஆம்பளைக எல்லாரும் கடலுக்குப் போயிட்டீக. எம் புருசன் யாக்கோபு ஒருத்தருதான் வள்ளத்துல சாஞ்சு, கண்ண மூடிக் கித்தார் வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. மைக்க நீட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாக. அது அவருக்கே தெரியாது. பொம்பளைக அத்தன பேரும் பாத்தோம். எங்க கண்ணு கண்ணில்லையா?

— அதுக்குத்தான் கமிட்டியில ஒரு வழி வச்சோம். வாராவாரம் மீனவர் நிகழ்ச்சிக்கு முன்னால அந்த வாசிப்பத்தான போடுறாக. பஞ்சாயத்து ரேடியோவுல கேட்டுக் கேட்டு ஊருக்கே மனப்பாடம். நேத்து வேற ஒரு ரேடியோக்காரரு வந்து, வாசிச்சவரு பேரச் சொல்லுங்க, இனிமே பேரோட போடுறோம்னாரு. அத அப்படியே வாசிச்சுக் காட்டுறவன்தான் ஆளுன்னு வச்சோம். இதுல என்ன தப்பு? வியாகுலம் ஒரு தட்டுத் தவறாம வாசிச்சான். யாக்கோபு மச்சான் வேற என்னமோ வாசிச்சாக.

— அவரு என்னைக்கு எதை ரெண்டாந்தரம் வாசிச்சாரு? கொழும்புல ஓட்டல் பேண்டுல இருந்தாரு. நேத்து வாசிச்சதையே வாசின்னான் மொதலாளி. முடியாதுன்னாரு, சீட்டக் கிழிச்சுட்டான். சொதந்தரம் வந்த மறுவருசம் கப்பலேறி வந்தாரு. கோயில்ல பூசைக்கு வாசிக்கச் சொல்லிட்டு, பாடுறவுக ஒரு பக்கம் போனா இவரு ஒரு பக்கம் போறாருன்னு படியிறக்கி விட்டீக. கையி கம்பியில பட்டாத்தான் அவருக்குப் பாட்டே பொறக்கும். அது குத்தமா?

— பாக்கர் மக கல்யாணத்துல சினிமாப் பாட்டுக் கேட்டா, எவனுக்கும் புரியாம ஒரு மணி நேரம் வாசிச்சாக. மாப்பிள்ள வீட்டாளுகளச் சமாதானம் பண்ணினது யாரு? நான்.

— அன்னைக்குச் சிரிச்ச ஊருதான், ரேடியோவுல அதே கையக் கேட்டு வாயப் பொளக்குது. பேரில்லாம, மீனவர் வாசிப்புன்னு பொதுவாப் போட்டாக. அதையும் பொறுத்தேன். பேரு போடுறோம்னு அவுகளே தேடி வந்தப்ப, அதக் கேட்டுப் படிச்ச பயலுக்குத் தூக்கிக் குடுத்திருக்கீக. என் வயிறு எரியுதுண்ணே.

— மச்சானே நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லலையே ஆத்தா.

— எப்படிச் சொல்லுவாரு? ரேடியோப் பக்கமே போகமாட்டாரு. ஒரே பாட்டத் திரும்பத் திரும்பக் கேட்டா தலை வலிக்குதும்பாரு. ஒங்க வாசிப்பு வருதுய்யான்னா, நான் வாசிச்சது அன்னைக்கே போச்சுடின்னு சிரிப்பாரு. நேத்து ஒங்க கூட்டத்துலருந்து வந்தவரு ஒரு வாய் சோறு திங்கல. நான் கண்ணு முழிக்கு முன்ன கித்தாரத் தூக்கிக்கிட்டு எங்கயோ போயிட்டாரு. மானமுள்ள மனுசன, என்ன சொல்லி நோகடிச்சீக?

— யாரும் நோகடிக்கல. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.

— எத?

— ரேடியோக்காரரு கடைசியா டேப்பப் போட்டுக் காட்டுனாரு. மச்சான் அப்பத்தான் மொதமொதல்ல கேக்குறாக. தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாக. முடிஞ்சப்ப கண்ணெல்லாம் தண்ணி. நீங்க வாசிச்சதான்னு கேட்டாரு. இல்லைன்னுட்டாக.

— இல்லைன்னா சொன்னாரு?

— வியாகுலமும் இல்ல, அவன் ஒப்பிக்கிறான்னாக. பெறகு நான் வேற யாரு பேரச் சொல்ல?

— அதுக்கா சோறு திங்காமக் கெடந்தாரு?

— இப்படி வாசிக்கிறது ஒலகத்துல நான் ஒருத்தன்தான்னு இருந்தேன் மாப்ள, இன்னொருத்தன் இருக்கான்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாக. இன்னைக்குக் காலையில பாம்பன் ஸ்டேசன்ல பாத்தேன். அந்த ஆளத் தேடித்தான் ரயிலேறிப் போறாக, மிக்கேலு.