கொக்கியில் தொங்கும் குவளை

— குழி வெட்ட ஆள் அனுப்பாதேன்னு சொல்லிட்டேன், உஸ்தியா. நம்ம இடுகாட்டுல அவனுக்கு இடம் இல்லை.

— அவரு என் புருஷன், அப்பா. ஏரியிலேருந்து எடுத்துப் படகுக் கொட்டகையில போட்டிருக்காங்க. மேல ஒரு பாய்மரத் துணி. நாளைக்காவது மண்ணுக்குள்ள போக வேண்டாமா?

— போகட்டும். டவுன்ல அவங்க தேவாலயம் இருக்கு, பக்கத்துலயே அவங்க மண்ணும் இருக்கு. ரெய்ன் எஸ்தோனியாக்காரன். நம்ம பழைய முறைப்படி ரெண்டு விரல் சேர்த்துச் சிலுவை போடத் தெரியாதவன் தலைமாட்டுல நம்ம எட்டு முனைச் சிலுவை நிக்காது. வழக்கம்னா வழக்கம்.

— இத்தனை வருஷம் உங்க வெங்காயப் பாத்தியில முதுகு ஒடிஞ்சவரு.

— உழைச்சான், இல்லைன்னேனா? சோறு போட்டேன். தேநீர் குடுத்தேன்.

— எதுல குடுத்தீங்க? கதவோரம் கொக்கியில தொங்குதே தகரக் குவளை, அதுல. வெளியாள் குவளையில.

— வெளியாளுக்கு வேற எதுல குடுப்பாங்க? ரஷ்யாவுல ஜார் ராஜா இனிமே மூணு விரலால சிலுவை போடுன்னான். மாட்டோம்னாங்க நம்ம முன்னோர். நாக்கை அறுத்தான், ஆளுங்களை உள்ள வெச்சே வீட்டைக் கொளுத்தினான். இந்தப் பெய்ப்சி ஏரியைத் தாண்டி ஓடி வந்தப்போ அவங்க கையில என்ன இருந்துச்சு? சாமி படம், ஜெபப் புஸ்தகம், தங்களுக்குன்னு ஒரு குவளை. அவ்வளவுதான். அதை நான் விட்டுடணுமா? ஊர் ஜெபவீட்டுல முன்னாடி நின்னு ஓதறவன் நான்!

— ஓடி வந்தவங்களுக்கு ஒண்ட இடம் விட்டது ரெய்னோட ஆளுங்கதானே? எத்தனை விரலால கும்பிடறேன்னு கேட்டாங்களா?

— வாய் நீளுதும்மா உனக்கு. அந்தக் கரையில போனா நம்மளை எஸ்தோனியாக்காரன்ங்கறான். இந்தக் கரையில ரஷ்யாக்காரன்ங்கறான். ரெண்டுலயும் ஒட்டாதவனுக்கு நிமிர்ந்த முதுகு ஒண்ணுதான் சொத்து. அதை உன் புருஷனுக்காக வளைக்க மாட்டேன்.

— உங்க முதுகை யாரு வளைக்கச் சொன்னா? ரெண்டு கை அகல மண்ணு கேக்கறேன். அம்மா பக்கத்துல கூட வேண்டாம். வேலியோரமாக் குடுங்க.

— உங்க அம்மா பேரை எடுக்காதே. அவ குவளையில வாய் வெச்சவன் அவன்.

— கல்யாணமான புதுசு, தெரியாம எடுத்துட்டாரு. அதுக்கு நீங்க என்ன பண்ணினீங்க? விருந்துக்கு வந்தவங்க அத்தனை பேர் முன்னாடியும் வாசப்படியில போட்டு உடைச்சீங்க.

— உடைக்காம? தீட்டுப் பட்டதை அலமாரியில வெச்சுப் பூஜை பண்ணணுமா?

— சில்லை எல்லாம் அவருதான் குனிஞ்சு பொறுக்கினாரு. விரல்ல ரத்தம். 'மன்னிச்சுக்குங்க மாமா'ன்னாரு.

— சரி, நல்லவன்னே வெச்சுக்கோ. அந்த நல்லவன் போன வாரம் என்ன பண்ணினான் தெரியுமா? உனக்குத் தெரியாது. நீ டவுன்ல சுட்ட மீன் வித்துக்கிட்டிருந்தே. எனக்குக் காய்ச்சல், கண்ணு திறக்க முடியலை. பனியில ரோடு மூடிக் கிடக்கு, அக்கம்பக்கத்து வீடெல்லாம் பூட்டு. இருந்தது அவன் ஒருத்தன். தண்ணி தண்ணின்னு கத்தறேன். என் குவளை தலைமாட்டு மேசையில, அவன் கை நீட்டினா எட்டும். அவன் எழுந்திருக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பூட்ஸ் சத்தம். கதவு சாத்தற சத்தம்.

— அப்பா...

— மீன் பிடிக்கப் போனான்! உறைஞ்ச ஏரி மேல, பனிப்பாளம் இளகி உடையற நேரத்துல, கெண்டைக்கு ஆசைப்பட்டு! சாகக் கிடந்தவன் வாயில ஒரு வாய் தண்ணி ஊத்த மனசில்லாதவனை நான் என் ஜனங்களோட புதைக்கணும், இல்லே?

— தூண்டில் எடுத்துட்டுப் போனாரா? போய்ப் பாருங்க, கொட்டகையிலயே மாட்டியிருக்கு.

— பின்னே ஏரியில அவனுக்கு என்ன வேலை?

— ரோடு மூடியிருந்தா, ஏரி வளைவுக்குக் குறுக்கே நடந்தா இந்தக் கரையிலயே மவ்ரா அத்தை வீடு.

— என் தங்கச்சி வீட்டுல அவனுக்கு என்ன வேலை?

— கிளம்பறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணினாரு. 'மாமா தண்ணி கேக்கறாரு, உங்க ஆளு யாராவதுதான் அந்தக் குவளையைத் தொடணும், அத்தை வீட்டுல போன் இல்லை, நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்'னாரு.

— உளறாதே. குவளை அங்கேயே இருந்துச்சே. நீயே குடுன்னு அவன்கிட்ட நீ சொல்லியிருக்கக் கூடாதா? மயக்கத்துல கிடந்தவனுக்கு என்ன தெரியப்போகுது?

— அதைத்தான் சொன்னேன்ப்பா. 'கண் முழிச்சதும் யார் கையால குடிச்சேன்னு கேப்பாரு உஸ்தியா, உங்கப்பாகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது'ன்னு சொல்லிட்டு ஏரியில இறங்கிட்டாரு.