பூசறதுக்கு முன்னால ஒரு பேரு

கை தட்டுனது போதும், உக்காருங்க. ஒரு கார் கதை சொல்றேன். சின்னதுதான்... கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

திண்டுக்கல்ல கிளாரான்னு ஒரு அக்கா. சொந்தமா கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுறாங்க. ஒருநாள் வேன்காரன் ஒருத்தன் பக்கவாட்டுல வந்து இடிச்சிட்டான். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவுல ஒரு தூண் இருக்கும் பாருங்க... அது உள்ள அமுங்கிடுச்சு. நல்லவேளை, அக்காவுக்கு ஒண்ணும் இல்ல.

வண்டி டிங்கரிங் வேலைக்கு அன்வர்தீன் பாய் பட்டறைக்குப் போச்சு. பாய் பார்த்தார். "இந்தத் தூணை வெட்டி எடுத்துட்டுப் புதுசுதான் வைக்கணும்"னார்.

வந்தாருய்யா இன்சூரன்ஸ் சர்வேயர்! சட்டையில மடிப்புக் கலையல. குனிஞ்சுகூடப் பார்க்கல.

"எதுக்குப் பாய் புதுசு? கேஸ் அடிச்சு, சூடு பண்ணி இழுத்து விடுங்க. மேல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சா எவனுக்குத் தெரியும்?"

"சார், பழைய வண்டித் தகரம்னா நீங்க சொல்றது சரி. இது வேற இரும்பு. கம்பெனியிலயே பழுக்கக் காய்ச்சி, அச்சுல அழுத்தி, சட்டுனு குளிர வெச்சிடுறான். அந்தக் குளிர்ச்சியிலதான் அதோட பலமே. மறுபடி சூடு காட்டுனா பலம் போயிடும். பார்க்க நேரா நிக்கும். அடுத்த இடிக்கு மடங்கிடும்."

"அட, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க பாய்!"

பாய் கோபப்பட்டாரா? இல்ல. உள்ள போனார். ஒரு மார்க்கர் எடுத்துட்டு வந்தார். மூடியைக் கழட்டி நீட்டினார்.

"செஞ்சிடலாம் சார். 'சூடு வைக்கச் சொன்னது நான்'னு தூண்லயே எழுதி, பேரைப் போட்டுடுங்க. அது மேல பட்டி பூசிடுறேன்."

"பட்டிக்கு அடியில எழுதி யாருய்யா படிக்கப் போறா?"

கிளாரா அக்கா சிரிச்சாங்க. "யாரும் படிக்க மாட்டாங்கல்ல சார்? அப்புறம் என்ன, தாராளமா எழுதுங்க! நாளைக்கு வண்டியை வெட்டி என்னை வெளிய எடுக்கிறவன் மட்டும் படிச்சுக்கட்டும்."

மனுஷன் மார்க்கரை வாங்கினார். முதல்ல பேரைப் போடலாம்னு, தன் பேரோட முதல் எழுத்து 'கு' போட்டார்... கை நின்னுடுச்சு. "ஒரு போன் பண்ணிட்டு வர்றேன்"னு வெளிய போனார். பத்து நிமிஷம். திரும்பி வந்து, "புதுசே போட்டுடுங்க பாய்"னார்.

அதோட போனாரா? இல்லையே!

"பாய்... கொஞ்சம் தின்னர் குடுங்க. அந்த எழுத்தை அழிச்சிடுறேன்."

"சார், அது வெட்டிக் குப்பையில போடப்போற தூணு சார்!"

"இருந்தாலும் குடுங்க பாய்!"

சிரிக்கிறீங்க. சிரிங்க. இப்ப திரும்பி நம்ம பி பிளாக்கைப் பாருங்க. கீழ்த்தளத்துத் தூண் வெடிச்சிருக்கு. உள்ள கம்பி துருப்பிடிச்சு பல்லைக் காட்டுது. மேல முப்பத்திரண்டு குடும்பம் தூங்குது. நாளைக்குப் பத்து மணிக்கு இன்ஜினியர் வர்றார்... நாலு மூட்டை சிமெண்டோட! பூசிட்டுப் போயிடுவாராம். நாம அட்ஜஸ்ட் பண்ணிக்கணுமாம். ஏன்? அந்தத் தூணுக்கு மேல அவர் வீடு இருக்கா?

நம்ம உயிர்ல சிக்கனம் பண்றவன் எவனும் தன் பேரை அதுல எழுத மாட்டான். அதனால சண்டை வேணாம், கல்லு வேணாம். பூசறதுக்கு முன்னால பேரைக் கேளுங்க. அது போதும்.

மார்க்கர் வாங்கிட்டேன். இதோ! நாளைக்கு மூடியைக் கழட்டி நீட்டுறது என் வேலை. அவர் எழுதுற வரைக்கும் சுத்தி நிக்கிறது உங்க வேலை. நிப்பீங்களா?

தின்னர் மட்டும் எவனும் குடுத்துடாதீங்க!