ஓர்சோலா கொண்டுவந்த மந்திரப் புத்தகம்

— இதுக்குப் பேரு மந்திரப் புத்தகமா, ஓர்சோலா? மீன் சுத்துற காகிதம்கூட இதைவிட மரியாதையா இருக்கும்.

— ரியால்டோ பாலத்துக்கிட்ட ஒருத்தன் கொடுத்தான், ஃபுல்ஜென்சியோ சாமி. பிசாசுங்கள வரவழைச்சு வேலை வாங்கலாமாம். கப்பல்ல துடுப்பு வலிக்கிற என் புருஷன் சங்கிலியக்கூட அறுத்துடுமாம்.

— வெனிஸ் அரசாங்கத்து உப்பைக் கடத்தின திருட்டுப்பய அவன். விடுதலை மனுவுல நான் கையெழுத்துப் போடலேன்னதும் நேரா பிசாசுகிட்ட போயிட்ட. நல்ல முன்னேற்றம். இந்த வட்டத்தைப் பாரு, ஒயின் கோப்பையக் கவுத்து வச்சு வரைஞ்சிருக்கான். கறைகூடப் போகல.

— அந்த வட்டம் எதுக்கு சாமி?

— நடுவுல நின்னா பிசாசு உன்னைத் தொடாதாம். சுத்திக் கடவுளோட பேருங்கள எழுதணும். இதுல இருக்கிறது கோழி கிளறின மண்ணு.

— முதல் பக்கத்துல ஒரு ராஜா எழுதினதுன்னு போட்டிருக்கே.

— இந்த மாதிரி எல்லாப் புத்தகத்துலயும் ஒரு ராஜா இருப்பான். செத்தவன் எழுந்து வந்து நான் எழுதலேன்னு சொல்லவா போறான்? கேளு, மந்திரவாதிங்களே வச்ச சட்டம் ஒண்ணு இருக்கு. பிறக்காத ஆட்டுக்குட்டியோட தோல்ல, கிரகத்து நேரம் பாத்து, உன் கையாலயே நகல் எடுக்கணும். இது காகிதம். எழுதினவன் குடிகாரன். நேரம் பாத்திருந்தா சாராயக்கடை மூடுற நேரமாத்தான் இருக்கும்.

— உங்களுக்கு எவ்வளவு தெரியுது சாமி. அப்போ இது வேலையே செய்யாதா?

— சாமியார் ஒருத்தன் இதைப் பீடத்துல மறைச்சு வச்சு, மேலே பூசை வைக்கணும். அப்பத்தான் உசுரு வருமாம். அதுவரைக்கும் குப்பை.

— அப்படி வச்ச சாமியார் மாட்டிக்கிட்டா?

— மத விசாரணை மன்றம் அங்கியை உரிச்சிட்டு, உன் புருஷன் பக்கத்துல உக்கார வைக்கும்.

— அவருக்கே தெரியாம வேற யாராவது ஒளிச்சு வச்சிருந்தா?

— மாட்டினவன் எல்லாம் அதைத்தான் சொல்லுவான். எவன் நம்புவான்? போன வருஷம் கியோஜா ஊர்ச் சாமியார் அழுது அழுது சொன்னான். இப்ப துடுப்பு வலிக்கிறான். முட்டாளுக்கு அது போதும். எடுத்துட்டுக் கிளம்பு, இல்லேன்னா நானே மன்றத்துக்கு அனுப்பிடுவேன்.

— அனுப்புங்க, நானும் கூடவே போய் சாட்சி சொல்றேன். பிசாசு மேல எனக்கும் நம்பிக்கை இல்ல சாமி. உங்க பீடத் துணியைத் துவைச்சு விரிக்கிறது நான்தானே, தவக்காலம் முழுக்க இந்தப் புத்தகம் அதுக்கு அடியிலதான் இருந்துச்சு, நீங்க பூசை வச்சது இது மேலதான். மனுவக் கொண்டு வந்திருக்கேன், பேனாவ மையில தொடுங்க.